'டேல்ஸ்' ஊதிப் பெருத்த ஆல்பம் அல்ல

ராக் இசை ரசிகர்களிடையே ஒரு தீர்ப்பு ஐம்பது ஆண்டுகளாக மேல்முறையீடே இல்லாமல் நிற்கிறது. யெஸ் குழு 1973 டிசம்பரில் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோப்பகிராஃபிக் ஓஷன்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டு, புரோக்ரெசிவ் ராக் தலைக்கனம் ஏறித் தனக்குத் தானே வெட்டிக்கொண்ட குழி என்பதுதான் அந்தத் தீர்ப்பு. அந்த ஆல்பத்தை ஒருமுறைகூட முழுதாகக் கேட்காதவர்களும் இதை அடித்துச் சொல்கிறார்கள். கேட்டவர்களில் பலரும் கேட்பதற்கு முன்பே இதை நம்பிவிட்டுத்தான் கேட்கிறார்கள். இந்தத் தீர்ப்பு தவறு. ஏன் தவறு என்பதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் வலு குறையாமல் சொல்லிவிடுகிறேன். 1972இல் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' வெளியானபோது யெஸ் தன் ஆற்றலின் உச்சத்தில் இருந்தது. மூன்றே உருப்படிகள், நாற்பது நிமிடங்களுக்கும் குறைவு, கச்சிதமான வேலை. அடுத்த ஆண்டு பாடகர் ஜான் ஆண்டர்சன் டோக்கியோவில் ஒரு விடுதி அறையில் பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலைப் படிக்கிறார். அதில் சாத்திரங்களின் நான்கு பிரிவுகளைச் சொல்லும் ஓர் அடிக்குறிப்பு அவரைப் பிடித்துக்கொள்கிறது. சுருதி, சுமிருதி, புராணம், தந்திரம். நான்குக்கும் தலா ஒரு பக்கம் என்று முடிவு செய்கிறார். கிதார்க் கலைஞர் ஸ்டீவ் ஹவும் அவரும் சுற்றுப்பயண விடுதிகளில் இரவிரவாக உட்கார்ந்து உருவத்தை வகுக்கிறார்கள். மற்ற மூவரும் பிறகு அதற்குள் வந்து சேர்கிறார்கள். விளைவு, நான்கே உருப்படிகள் கொண்ட 81 நிமிட ஆல்பம். வரிகள் புரிவதில்லை. கீபோர்டு வாசித்த ரிக் வேக்மேனே இதில் பஞ்சு திணிக்கப்பட்டிருக்கிறது என்றார். ஒரு தட்டுக்கு மிஞ்சிய சரக்கு, இரண்டு தட்டுக்குப் போதாத சரக்கு, மீதியை இழுத்து நிரப்பினோம் என்பது அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் விளக்கம். 1974 மே மாதம் குழுவை விட்டே போய்விட்டார். மூன்றாண்டுகளில் பங்க் வந்தது. கதை முடிந்தது.

இதில் சொல்லப்படும் செய்திகள் பெரும்பாலும் உண்மை. அடிக்குறிப்பு உண்மை, வேக்மேனின் மனத்தாங்கல் உண்மை, வரிகளின் இருட்டும் உண்மை. என் சண்டை செய்திகளோடு இல்லை, அவற்றிலிருந்து எட்டியதாகச் சொல்லப்படும் முடிவோடுதான்.

ஒன்று: நீளம்.

எவ்வளவு நீளம் என்றால் அதிக நீளம்? இந்தக் கேள்விக்கு எதிர்த்தரப்பிடம் ஒரே சீரான பதில் கிடையாது. அதே 1973ஆம் ஆண்டு அக்டோபரில் தி ஹூ குழுவின் 'குவாட்ரஃபீனியா' வந்தது. அதுவும் இரட்டைத் தட்டு, அதுவும் ஒரே கருத்தைச் சுற்றிக் கட்டிய கான்செப்ட் ஆல்பம், ஏறத்தாழ இதே நீளம். அதை யாரும் ஊதிப் பெருத்தது என்று தள்ளுவதில்லை. மறு ஆண்டு ஜெனிசிஸ் வெளியிட்ட 'தி லேம் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' 90 நிமிடங்களைத் தாண்டும். இன்று அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' 1970இல் வந்தபோது அதன் தலைப்பு உருப்படி மட்டுமே ஏறக்குறைய 27 நிமிடம். மாலரின் மூன்றாம் சிம்பொனி ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். எனவே 81 நிமிடம் என்ற எண்ணில் குற்றம் ஏதும் இல்லை. குற்றம் இருந்தால் அந்த நிமிடங்களுக்குள் நடப்பதில்தான் இருக்க வேண்டும். அங்கேதான் எதிர்த்தரப்பு வாயடைத்துப் போகிறது. 'நிறைய இடம் வீண்' என்கிறார்கள். எந்த இடம் என்று கேட்டால் பதிலுக்கு வேக்மேன் கதைதான் வருகிறது.

பஞ்சு திணித்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நேர் எதிரான ஒரு தடயம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. 'தி ரிவீலிங் சயன்ஸ் ஆஃப் காட்' முதலில் 28 நிமிடம் வரை நீண்டிருந்தது. இசைத்தட்டின் ஒரு பக்கம் தாங்காது என்பதால் வெட்டினார்கள். தொடக்கத்தில் அலைபோல மெல்ல எழும் இரண்டு நிமிடப் பகுதியையும் அப்போது எடுத்துவிட்டார்கள். 2003 மறுபதிப்பில்தான் அது திரும்பி வந்தது. இடம் நிரப்பச் சரக்கில்லாமல் தவித்தவர்கள் கையில் இருந்ததை வெட்டி எறிவார்களா? ஒரு பக்கத்தில் மிச்சமாகி வழிந்தது, இன்னொரு பக்கத்தில் குறைந்தது என்று வேண்டுமானால் வாதிடலாம். அப்படியானால் 'ஆல்பம் முழுக்கப் பஞ்சு' என்ற பேச்சைக் கைவிட்டு, பக்கம் பக்கமாகப் பேசியாக வேண்டும். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

பக்கம் பக்கமாகவே பார்ப்போம். முதல் பக்கம் ஏறக்குறைய ஒரே சுரத்தில் நின்று ஓதுவது போன்ற குரலில் தொடங்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் குரல்கள் அடுக்கப்படுகின்றன, கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன, முழுக் குழுவும் திறந்துகொள்ளும் இடத்தில் முதல் தடவையாக மெட்டு கேட்கிறது. அதற்குச் சற்றுப் பின், பழைய பாட்டு ஒன்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் தொனியில் ஒரு சிறு மெட்டு வந்து போகும். அது பக்கத்தின் இறுதியில் திரும்ப வருகிறது. இடையில் நடப்பது வேகமான பாடல் பகுதிகள், ஹவின் கிதார், வேக்மேனின் மூக் சிந்தசைஸர் ஆவேசமாகப் பாயும் ஒரு தனி. அந்தப் பாய்ச்சல் அடங்கிய பிறகு பழைய மெட்டு திரும்பும்போது அது தொடக்கத்தில் கேட்ட மெட்டாக இருப்பதில்லை. சுரங்கள் அவையேதான். ஆனால் கேட்பவர் இப்போது அந்தத் தூரத்தைக் கடந்து வந்திருக்கிறார். இந்த விளைவை ஐந்து நிமிடப் பாட்டில் உண்டாக்க முடியாது. மறந்துபோகும் அளவுக்கு நேரம் கடந்தால்தான் நினைவுக்கு வருதல் என்பது நிகழும்.

இரண்டாம் பக்கத்தின் பெயரே 'தி ரிமெம்பரிங்'. எதிர்த்தரப்பு அதிகம் தாக்குவது இதைத்தான். என் கணக்கிலும் நான்கில் இதுவே மெலிந்த பக்கம். மெல்லோட்ரான் ஒலி நீராவிபோலப் பரவும் நடுப்பகுதியில் சில நிமிடங்களைக் குறைத்திருந்தால் நட்டம் இருந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பக்கம் செய்யும் காரியத்தையும் பாருங்கள். மெதுவான குரல்மெட்டு, நாட்டுப்புறச் சாயலில் ஓர் இடைப்பகுதி, திடீரென்று தாளம் வெடித்து எழும் ஒரு பகுதி, மறுபடி அமைதி, மறுபடி வெடிப்பு. இரண்டாம் வெடிப்பில் கிறிஸ் ஸ்குவயரின் ஃபிரெட் இல்லாத பேஸ் கிதார் அடியிலிருந்து எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகிறது. அமைதியான பகுதிகளை வெட்டிவிட்டு வெடிப்புகளை மட்டும் ஒட்டவைத்தால் கிடைப்பது சத்தமான ஆறு நிமிடப் பாட்டு. வெடிப்புக்கு அர்த்தம் கொடுத்ததே அதற்கு முந்தைய அமைதிதான் என்பது அந்த ஒட்டுவேலையில் தொலைந்துபோகும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இந்த ஆல்பத்தில் எடுபடாது. எங்கோ நடுவில் ஊசியை வைத்து முப்பது வினாடி கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களுக்கு இது பிடிபட வழியே இல்லை.

81 நிமிடத்தில் நாலைந்து நிமிடம் மெலிவு. இதற்குப் பெயர் குறை. இதற்குத் 'தோல்வி' என்று பெயர் வைப்பது கணக்குத் தெரியாத பேச்சு.

இரண்டு: வேக்மேனின் சாட்சியம்.

உள்ளே இருந்தவரே சொல்லிவிட்டாரே, இனி என்ன பேச்சு? இந்த வாதம் வலுவானதாகத் தோன்றுவதற்குக் காரணம், வேக்மேன் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவர். மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால் மேடையில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்குக் கறிச் சாப்பாடு வந்து சேர்ந்த கதையைக் கேட்காத ராக் ரசிகர் இல்லை. அந்தக் கதை ஆல்பத்தைப் பற்றி எதைச் சொல்கிறது? தனக்கு வாசிக்க வேலை குறைவாக இருந்த ஓர் இரவில் ஒரு கலைஞர் பசியோடு இருந்தார் என்பதை மட்டும்தான். ஒரு படைப்பில் பங்கேற்றவருக்கு அது பிடிக்காமல் போனதாலேயே அது மோசமாகிவிடும் என்றால், உலகத்தில் நல்ல திரைப்படங்களில் பாதியை இன்றே குப்பையில் போட வேண்டும்.

சாட்சி ஒருவர் மட்டும்தானா என்பதும் கேள்வி. ஐந்து பேர் வாசித்த ஆல்பம் இது. ஆண்டர்சனும் ஹவும் இதன் பக்கம் நின்றவர்கள். ஆலன் ஒயிட்டுக்கு இது யெஸ்ஸோடு செய்த முதல் ஸ்டூடியோ ஆல்பம். டிரம்ஸ் வாசித்த பில் புரூஃபோர்ட் 1972இல் கிங் கிரிம்சன் குழுவுக்குப் போனபிறகு அந்த இடத்துக்கு வந்த ஒயிட், நான்காம் பக்கத்தின் தாளப் போரில் தன்னை நிலைநாட்டிக்கொண்டார். மற்றவர்களின் நிலையை விட்டுவிட்டு ஒருவரின் சலிப்பை மட்டும் சான்றாக எடுப்பது எந்த நியாயம்?

வேக்மேன் எதிர்த்தது மிகையான லட்சியத்தை என்று நினைப்பவர்கள் அவருடைய அந்த ஆண்டு நாட்குறிப்பைப் பார்க்க வேண்டும். 1974 ஜனவரியில், இந்த ஆல்பம் பிரிட்டனில் விற்றுக்கொண்டிருந்த அதே நேரத்தில், லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் சிம்பொனி இசைக்குழு, பாடகர் குழு, கதைசொல்லி எல்லாவற்றையும் கூட்டிவைத்து ஜூல் வெர்னின் பூமியின் மையத்துக்கான பயணத்தை ஒரு முழு ஆல்பமாக மேடையேற்றிப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு ஆர்தர் மன்னர் கதையைப் பனிச்சறுக்கு ஆட்டத்தோடு வெம்பிளியில் நடத்தினார். அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் வேக்மேன் விலகியதைப் 'பிரம்மாண்டத்துக்கு எதிரான கலகம்' என்று படிக்க முடியாது. அவருக்கு வேறு பிரம்மாண்டம் வேண்டியிருந்தது. கதை தெளிவாகத் தெரியும், கீபோர்டு முன்னால் நிற்கும் பிரம்மாண்டம். ஆண்டர்சனும் ஹவும் விரும்பியது இதற்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. இரண்டு கலைஞர்களின் ருசி பிரிந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு விவரம் எதிர்த்தரப்பின் பேச்சில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. 1996 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஓபிஸ்போவில் யெஸ் மறுபடி கூடி வாசித்தபோது, 'தி ரிவீலிங் சயன்ஸ் ஆஃப் காட்' முழுதாக மேடையேறியது. கீபோர்டில் உட்கார்ந்திருந்தவர் ரிக் வேக்மேன். 'கீஸ் டு அசென்ஷன்' என்ற ஆல்பத்தில் அந்தப் பதிவு இருக்கிறது. பஞ்சு என்று சொன்னவரின் கைகள் அங்கே எவ்வளவு முழுமனதோடு ஓடுகின்றன என்று கேட்டுப் பார்க்கலாம்.

மூன்று: அடிக்குறிப்பு ஆன்மிகம்.

ஓர் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு நான்கு பக்க ஆல்பமா? மேலைநாட்டு விமர்சகர்கள் இதைச் சொல்லும்போது அது ஒரு கேலி. நம்மவர்கள் சொல்லும்போது அதில் வேறொரு மனக்குறை கலந்திருக்கிறது. சுருதி, சுமிருதி என்ற சொற்கள் நம் வீட்டுப் பேச்சில் புழங்குபவை. வெளியார் ஒருவர் அவற்றைத் தட்டின் உறையில் அரைகுறையாக எழுதிவைத்தால் நமக்குச் சுருக்கென்று தைக்கும். உறையில் இரண்டாம் பிரிவின் பெயர் 'சுரிட்டிஸ்' என்று பிழையாகவே அச்சாகியிருக்கிறது. ஆண்டர்சன் சாத்திரம் கற்றவர் அல்லர், கற்றதாக அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இந்த ஆல்பத்தைக் கேட்டு யாரும் சுருதிக்கும் சுமிருதிக்கும் வேறுபாடு தெரிந்துகொள்ள முடியாது. அவ்வளவும் சரி.

ஆனால் இது உரைநூல் அல்லவே! இசைக்குத் தேவைப்பட்டது ஒரு நான்கு பகுதி உருவம். அதை அந்த அடிக்குறிப்பு கொடுத்தது. கேட்டறிந்தது, நினைவில் நின்றது, பழங்கதையாய்க் கிடைப்பது, உடலால் செய்வது என்று அதை எடுத்துக்கொண்டால் நான்கு பக்கங்களும் ஏன் நான்கு விதமாக ஒலிக்கின்றன என்பது துலங்கும். முதல் பக்கம் ஓதலில் தொடங்குகிறது. இரண்டாவது நினைவில் மிதக்கிறது. மூன்றாவதான 'தி ஏன்ஷியன்ட்' கரடுமுரடான தாளக் கருவிகளும் ஹவின் ஸ்டீல் கிதாரும் மோதிக்கொள்ளும் பாழடைந்த நிலம். சூரியனுக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்கள் அதில் அடுக்கடுக்காக உச்சரிக்கப்படுகின்றன. நான்காவதான 'ரிச்சுவல்' தாளத்தில், உடம்பில், அடியில் வேர்பிடிக்கிறது. கருத்து உறையில் எழுதிய வாசகத்தோடு நின்றுவிடவில்லை, ஒலியின் தன்மையாக மாறியிருக்கிறது. ஒரு கான்செப்ட் ஆல்பத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். 'கருத்து ஆழமா?' என்பது அடுத்த கேள்வி. 'கருத்து இசையாக ஆகியிருக்கிறதா?' என்பதுதான் முதல் கேள்வி. கதை தெளிவாக இருந்து, இசை வெறும் பின்னணியாகக் கிடக்கும் கான்செப்ட் ஆல்பங்கள் ஏராளம். அவற்றை யாரும் படாடோபம் என்று திட்டுவதில்லை.

வரிகளின் இருட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டர்சன் சொற்களைப் பொருளுக்காக மட்டும் எடுப்பதில்லை. வாயில் உருளும் ஓசைக்காகவும் எடுக்கிறார். இதில் பலமுறை அவர் சறுக்குகிறார், குறிப்பாக இரண்டாம் பக்கத்தில். அதே சமயம் அந்தக் குரல் ஒரு கருவியாக மற்ற நான்கு கருவிகளோடு கலக்க முடிவதற்குக் காரணமும் இதுவே. வரிகள் ஒரு கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தால் ஹவும் ஸ்குவயரும் பக்கவாத்தியக்காரர்களாகச் சுருங்கியிருப்பார்கள்.

நான்கு: 'பாட்டே இல்லை.'

இதைச் சொல்பவர்கள் மூன்றாம் பக்கத்தின் பன்னிரண்டாம் நிமிடத்தை எட்டியதில்லை என்பது என் துணிபு. அதுவரை நடப்பது கடினமான இசை, ஒப்புக்கொள்கிறேன். காங் ஒலி, இடறும் தாளம், காதைக் கீறும் ஸ்டீல் கிதார். நான்கில் அதிகம் துணிந்த பகுதியும் இதுவே. பிறகு எல்லாம் அடங்கி, ஹவ் தனியாகச் செவ்வியல் கிதாரை எடுக்கிறார். விரல் நரம்பில் உரசும் சத்தம்கூடக் கேட்கும் நெருக்கம். அதிலிருந்து ஆண்டர்சனின் குரலில் ஒரு சிறு பாட்டு பிறக்கிறது. ரசிகர்கள் அதை 'லீவ்ஸ் ஆஃப் கிரீன்' என்றே தனிப் பெயரிட்டு அழைக்கிறார்கள். யெஸ் குழு 2016இல் முதல் பக்கத்தையும் நான்காம் பக்கத்தையும் மேடையேற்றியபோது மூன்றாம் பக்கத்திலிருந்து இந்தப் பகுதியை மட்டும் எடுத்து நடுவில் வைத்தது. எனக்கு அந்த ஏற்பாட்டில் உடன்பாடு இல்லை. முன்னால் உள்ள கரடுமுரடு இல்லாமல் வந்தால் அது அழகான பாட்டு, அவ்வளவுதான். அந்தக் கரடுமுரட்டைத் தாண்டி வரும்போது அது ஒரு விடுதலை.

நான்காம் பக்கத்தில் பாட்டுக்கு என்ன குறை? தொடக்கத்தில் ஹவின் கிதார் முந்தைய பக்கங்களின் மெட்டுகளைத் தொட்டுத் தொட்டுச் செல்கிறது. பிறகு சூரியனின் மக்கள் நாம் என்று பிரெஞ்சில் சொல்லும் அந்தப் பல்லவி. இதைவிட எளிய மெட்டை ஆண்டர்சன் அதிகம் பாடியதில்லை. அதன்பின் ஸ்குவயரின் நீண்ட பேஸ் தனி. பிறகு தாளக் கருவிகளின் மோதல், நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போராக அவர்கள் அதை உருவகித்தார்கள். மேடையில் பாடகர் உட்படப் பலர் தாளக் கருவிகளிடம் போய் நின்று அடித்தார்கள். அந்த இடி ஓய்ந்ததும் அதே எளிய மெட்டு, மெதுவாக. 81 நிமிடம் சேர்த்துவைத்த அவ்வளவையும் அந்த ஒரு மெட்டு தாங்கி நிற்கிறது.

ஐந்து: பங்க்கை இதுதான் வரவழைத்தது.

வரலாறாகச் சொல்லப்படும் இந்தக் கதை ஆண்டுகளைப் பார்த்தாலே உடைந்துவிடும். பங்க் கொடிகட்டிப் பறந்த 1977இல் யெஸ் வெளியிட்ட 'கோயிங் ஃபார் தி ஒன்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதிலிருந்து வந்த 'வண்டரஸ் ஸ்டோரீஸ்' ஒற்றைப் பாடல்களின் பட்டியலில் ஏழாவது இடம்வரை போனது. அந்த ஆல்பத்தின் உச்சம் 'அவேக்கன்' என்ற 15 நிமிட உருப்படி. ஆண்டர்சனும் ஹவும் 'டேல்ஸ்' காலத்தில் கற்றுக்கொண்ட மெதுவான கட்டுமானம்தான் அதன் எலும்புக்கூடு. கீபோர்டு வாசிக்கத் திரும்பி வந்திருந்தவர் வேக்மேன். 1979இல் பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' என்ற இரட்டைத் தட்டு கான்செப்ட் ஆல்பம் உலகெங்கும் விற்றது. செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட வடிவம் இப்படியா நடமாடும்?

செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜான் லைடன் 1977இல் லண்டன் கேப்பிட்டல் வானொலியில் தனக்குப் பிடித்த இசையை ஒலிபரப்பியபோது வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் பீட்டர் ஹேமிலையும் சேர்த்துக்கொண்டார். பங்க்கின் முகமாக இருந்தவரே புரோக்ரெசிவ் ராக்கை ஒட்டுமொத்தமாக வெறுத்தவர் அல்லர். வேலையில்லாத இளைஞர்கள் தாங்களே கிதார் எடுத்து வாசிக்கக் கிளம்பியதற்குக் காரணங்கள் பிரிட்டனின் பொருளாதாரத்திலும் தெருக்களிலும் இருந்தன. நான்கு பக்கமுள்ள ஓர் இசைத்தட்டை அதற்குப் பலிகொடுப்பது கதைக்கு வசதி, வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆறு: முதல் பதிவு எப்படி உண்டானது?

தீர்ப்பு இவ்வளவு தவறென்றால் இத்தனை பேர் ஏன் அதையே சொல்கிறார்கள்? நியாயமான கேள்வி. எனக்குத் தெரியும் விடை இது. 1973 நவம்பரில், ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே, யெஸ் அதை முழுதாக மேடையேற்றியது. லண்டன் ரெயின்போ அரங்கில் அடுத்தடுத்து ஐந்து இரவுகள் வாசித்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு சுரம்கூட முன்னால் கேட்டறியாத 80 நிமிட இசையை ஒரே மூச்சில் கேட்க வேண்டியிருந்தது. எந்தப் பெரும் படைப்பும் அந்தச் சோதனையில் பாதிப்பேரையாவது இழந்துவிடும். குழுவின் பிழை அது, ஆல்பத்தின் பிழை அல்ல. விமர்சகர்களின் முதல் சலிப்பு அந்த இரவுகளில் தொடங்கி அச்சில் ஏறியது. பிறகு வேக்மேனின் கதைகள் அதற்கு மெருகேற்றின. பிறகு வந்த தலைமுறை அச்சில் இருந்ததைப் படித்துக்கொண்டது.

இதற்கிடையில் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பதை யாரும் நினைவுபடுத்துவதில்லை. ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் வந்து இரண்டு வாரம் நின்றது. அமெரிக்காவில் ஆறாம் இடம். விற்பனை தரத்துக்குச் சான்று ஆகாது, அது எனக்கும் தெரியும். ஆனால் 'கேட்பவர்கள் கைவிட்டார்கள்' என்று சொல்லிக்கொண்டு திரிபவர்களுக்கு இதுவே பதில்.

இந்த ஆல்பத்தில் உண்மையிலேயே குற்றம் சொல்லத்தக்க ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. லண்டன் மார்கன் ஸ்டூடியோவில் 24 தடப் பதிவு இயந்திரத்தில் அடுக்கி அடுக்கிப் பதிந்ததில் ஒலி பல இடங்களில் மங்கிக் குழம்பிவிட்டது. முதல் பதிப்பில் டிரம்ஸ் மெலிந்து கேட்கும், அடுக்குகள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். ஸ்டீவன் வில்சன் 2016இல் செய்த மறுகலவையில் திரை விலகியது. எந்தக் கருவி எங்கே நிற்கிறது என்பது தெரிய ஆரம்பித்தது. பழைய பதிப்பை மட்டும் கேட்டுச் சலித்தவர்களின் சலிப்பில் ஒரு பங்கு இந்த ஒலிக் குறைக்கு உரியது. அதைப் படைப்பின் தலையில் கட்டுவது சரியில்லை.

ஏழு: இந்தத் தீர்ப்பால் நேரும் கேடு.

ஒரு பழைய ஆல்பத்தைப் பற்றிய தவறான அபிப்பிராயம் நிற்பதால் யாருக்கு என்ன நட்டம்? நட்டம் பெரிது. 'டேல்ஸ்' ஓர் எச்சரிக்கைப் பலகையாக ஆக்கப்பட்டுவிட்டது. பெரிதாக எதையாவது முயலும் இளம் இசைக் குழுவுக்கு அந்தப் பலகை காட்டப்படுகிறது. 'பார், இப்படித்தான் ஆகும்.' விளைவாக, தோற்றுப்போவதைவிடப் படாடோபம் என்று பெயரெடுப்பதற்கு அதிகம் அஞ்சும் தலைமுறை வந்தது. சிறிதாக முயன்று சிறிதாக வென்றவர்களுக்குக் கிடைக்கும் பாராட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பெரிதாக முயன்று முக்கால் பங்கு வென்றவர்களுக்குத் தர மறுக்கிறோம். முக்கால் பங்கு என்பது இங்கே என் மதிப்பீடு. முதல் பக்கமும் நான்காம் பக்கமும் யெஸ் செய்ததிலேயே மேலான வரிசையில் நிற்பவை. மூன்றாவது துணிச்சலில் அவற்றையும் மிஞ்சுவது. இரண்டாவதில் தொய்வு உண்டு.

கேட்பவர்களுக்கும் கேடு உண்டு. ஆயத்தமாகக் கிடைக்கும் ஏளனம் காதுகளைச் சோம்பலாக்குகிறது. ஓர் ஆல்பத்தை நிராகரிப்பதற்கு அதைக் கேட்க வேண்டியதில்லை, அதைப் பற்றிய கதை தெரிந்தால் போதும் என்ற பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் அது ஓர் ஆல்பத்தோடு நிற்காது. நீளமானது, மெதுவானது, உடனே புரியாதது எல்லாவற்றையும் அதே கதையால் தள்ளிவிடலாம் என்று தோன்றிவிடும்.

இந்த ஆல்பத்தை வெறுப்பவர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை. நான்கு பக்கங்களையும் ஒரே இரவில் கேட்காதீர்கள், அது ரெயின்போ அரங்கில் நடந்த பிழை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், வில்சனின் கலவையில். நான்காம் பக்கம் முடிந்தபிறகு முதல் பக்கத்தை இன்னொருமுறை கேளுங்கள். அதற்குப் பின்னும் இது ஊதிப் பெருத்த ஆல்பம் என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் வேக்மேன் சாப்பிட்டதைச் சொல்லாதீர்கள். எந்தப் பக்கம், எந்த நிமிடம் என்று சொல்லுங்கள். அந்த நிமிடத்தைப் பற்றி உங்களோடு வாதாட நான் தயார்.